ஆற்காட்டுக் கடனும் ஆட்சியின் தூய்மையும்

பாலாற்றங்கரையில் ஆற்காட்டுப் பழங்கோட்டையின் எச்சமாக இன்று நாம் காண்பது, தில்லி வாயில் எனப்படும் ஒரு வாயிற் கட்டடம். நவாபுகளின் கொடி இறங்கி நெடுங்காலம் ஆயிற்று. ஆற்காடு என்றால் இன்று பலருக்கு நினைவு வருவன மக்கன்பேடாவும், அருகே இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் நடைபெறும் தோல் தொழிலுமே. ஆயினும், அரசியல் கற்கும் மாணவர்கள் இவ்வூரின் பெயரை மறப்பதற்கில்லை. 1785ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், இலண்டன் பாராளுமன்றத்தில் எட்மண்டு பர்க் என்னும் நாவலர் நெடியதொரு சொற்பொழிவு ஆற்றினார். அதன் பொருள் 'ஆற்காட்டு நவாபின் கடன்கள்' என்பதே. ஆட்சியில் ஊழல் எவ்வாறு முளைக்கிறது, எவ்வாறு வேர் கொள்கிறது, அதனைக் களைய முயல்வோர் ஏன் தோற்கின்றனர் என்னும் கேள்விகளுக்கு இக்கடனின் வரலாற்றைக் காட்டிலும் நல்ல பாடநூல் அரிது.

ஊழல் என்பது யாது? பொதுமக்களின் பொருட்டு ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தை, அவர் தம் சொந்த ஊதியத்திற்காகப் பயன்படுத்துவதே ஊழல். கைம்மாறாகப் பணம் பெறுவது அதன் எளிய வடிவம். முடிவு செய்கிறவனுக்கே அம்முடிவில் இலாபம் இருப்பது அதன் நுட்பமான வடிவம். ஆற்காட்டில் நிகழ்ந்தது இந்த இரண்டாவது வகை.

1749ஆம் ஆண்டு ஆம்பூரில் நடந்த போரில் நவாபு அன்வருத்தீன் கான் உயிர் துறந்தார். அவர் மகன் முகம்மது அலி ஆங்கிலேயரைத் துணைக்கொண்டார். எதிர்த் தரப்பினர் பிரெஞ்சுக்காரரைத் துணைக்கொண்டனர். 1751இல் இராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, ஏறத்தாழ ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி நின்றார். ஆண்டுகள் பல கழிந்த பின் முகம்மது அலி கருநாடகத்தின் நவாபாக நிலைபெற்றார். ஆனால் போருக்கு ஆன செலவைக் கிழக்கிந்தியக் கம்பெனி அவர் கணக்கில் எழுதியது. அக்கடனைத் தவணை தவறாமல் செலுத்தவேண்டிய நெருக்கடி நவாபுக்கு ஏற்பட்டது. பணம் எங்கே கிடைக்கும்? கம்பெனியின் ஊழியர்களிடமே கிடைத்தது!

இங்கேதான் விந்தை தொடங்குகிறது. கம்பெனி ஊழியருக்குச் சம்பளம் மிகச் சொற்பம். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னையில் புதிதாகச் சேர்ந்த எழுத்தர் ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் 5 பவுன். ஆயினும், சொந்த வாணிகத்தாலும் பரிசுகளாலும் அவர்களிற் பலர் பெருஞ்செல்வர் ஆயினர். அப்பணத்தை நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்தனர். வட்டி நூற்றுக்கு இருபது முதல் முப்பத்தாறு வரை ஏறியது. அதற்கு ஈடாக நவாபு ஒவ்வொரு சீமையின் நிலவரியையும் கடன்காரருக்கு எழுதிக் கொடுத்தார். வரி தண்டுவோர் உழவர்களை நெருக்கினர். கம்பெனிக்குச் சேரவேண்டிய பணம் ஒரு கையால் செலுத்தப்பட்டது. அதே கம்பெனியின் ஊழியருக்கு அதனினும் பெருந்தொகை மறு கையால் சென்றது. நவாபு 1768 முதல் ஆற்காட்டில் வாழவில்லை. சென்னைச் சேப்பாக்கம் மாளிகையில், தம் கடன்காரர்களுக்கு அண்மையிலேயே வாழ்ந்தார்.

1767இல் இக்கடன்கள் ஒன்றாகத் தொகுக்கப்பட்டு, வட்டி பத்து விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கடன் தீர்ந்ததா? இல்லை. 1777இல் மீண்டும் ஒரு தொகுப்பு எழுந்தது. பர்க்கின் கணக்குப்படி அது மட்டுமே 24 இலட்சம் பவுன். இவற்றில் எவ்வளவு உண்மையாகக் கொடுக்கப்பட்ட பணம், எவ்வளவு காகிதத்தில் மட்டும் பிறந்த பணம் என்பதை அறிந்தவர் சிலரே.

கடன்காரர் கூட்டத்தின் நடுநாயகமாக விளங்கியவர் பால் பென்பீல்டு. கம்பெனியில் அவர் வகித்தது தாழ்ந்த பதவி. சம்பளம் ஆண்டுக்குச் சில நூறு பவுன். ஆனால் சென்னையிலேயே மிகச் சிறந்த குதிரைகளும் வண்டிகளும் அவருடையவை எனப் பேசப்பட்டன. 1776இல் அவர் தஞ்சையின்மீது ஓர் உரிமை கொண்டாடினார். நவாபுக்குக் கொடுத்த கடனுக்காகத் தஞ்சையின் வருவாயில் 1,62,000 பவுன் தமக்குச் சேரவேண்டும் என்றார். தனியாருக்குக் கொடுத்த கடனுக்காக, வயலில் விளைந்து நின்ற பயிரின்மீது மேலும் 72,000 பவுன் வேண்டும் என்றார். வேலியே பயிரை மேய்ந்தது என்னும் பழமொழி நம் நாட்டில் உண்டு. இங்கே அது உவமையன்று, உண்மை.

அப்போது சென்னைக் கவர்னராக வந்தவர் பிகட் பிரபு. 1773இல் நவாபின்பொருட்டுக் கம்பெனிப் படை பறித்துக்கொண்ட தஞ்சையை அதன் அரசர் துளஜாவுக்குத் திருப்பித் தருமாறு கம்பெனி இயக்குநர்கள் அவருக்கு ஆணையிட்டிருந்தனர். அவர் அதனை 1776 ஏப்ரலில் நிறைவேற்றினார். பென்பீல்டின் கோரிக்கைக்குப் போதிய சான்று இல்லை என மறுத்தார். ஆனால் ஆலோசனைச் சபையின் பெரும்பான்மையோர் கவர்னருக்கு எதிராகத் திரண்டனர். நவாபின் கடனில் பங்குடையோர் கோட்டை வட்டாரத்தில் பலர் இருந்தனர். 1776 ஆகஸ்டு 24ஆம் நாள், கவர்னரையே அவருக்குக் கீழ்ப்பட்டோர் சிறை செய்தனர். 1777 மே மாதம் காவலில் இருந்தபடியே பிகட் இறந்தார்.

பிகட்டை மாசற்ற வீரராகச் சித்திரிப்பதும் வரலாறு ஆகாது. முன்னர் ஒருமுறை கவர்னராக இருந்தபோது அவரும் பெருஞ்செல்வம் சேர்த்துச் சென்றவரே. அவர் பெயரால் புகழ்பெற்ற வைரம் ஒன்றும் உண்டு. ஆனால் இம்முறை அவர் செய்தது சரியான செயல். அச்செயலைச் செய்தவரைக் காப்பதற்கு அந்த ஆட்சியமைப்பில் எந்த அரணும் இல்லை. அவரைச் சிறை செய்த நால்வர்மீது இங்கிலாந்தில் வழக்கு நடந்தது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. தண்டனை என்ன தெரியுமா? ஆளுக்கு ஆயிரம் பவுன் அபராதம்! அவர்கள் சேர்த்திருந்த செல்வத்துக்கு அது ஒரு பொருட்டா?

இதற்கிடையில், 1780இல் ஐதர் அலியின் படை கருநாடகத்தில் புகுந்தது. ஊர்கள் எரிந்தன; ஆற்காடும் ஐதர் வசமாயிற்று; தொடர்ந்து பஞ்சம் வந்தது. அழிந்த அந்நாட்டின் வரியிலிருந்தே பழைய கடனை வாங்கவேண்டும் என்று கடன்காரர் நின்றனர். 1784ஆம் ஆண்டுச் சட்டம் இக்கடன்களின் மூலத்தை ஆராயவேண்டும் என்று விதித்தது. ஆனால் டன்டாஸ் முதலானோர் அடங்கிய கட்டுப்பாட்டு வாரியம், ஆராய்ச்சி இன்றியே கடன்களை ஏற்று, ஆண்டுக்கு 12 இலட்சம் வராகன் கருநாடக வருவாயிலிருந்து கொடுக்குமாறு ஆணையிட்டது. இதை எதிர்த்தே பர்க் பேசினார். சென்னையைச் சூழ்ந்த நாட்டின் வரைபடத்தைச் சபை முன் வைத்து, அதிலே 1,100 ஏரிகள் குறிக்கப்பட்டிருப்பதை எடுத்துக்காட்டினார். ஏரி காக்கச் செலவிட வேண்டிய பணம் கடன்காரர் பைக்குச் செல்கிறது என்பதே அவர் வாதத்தின் சாரம். ஊழலால் இழப்பு யாருக்கு என்னும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமோ? கரை உடைந்த ஏரியின் கீழ் நிலம் வைத்திருந்த உழவனுக்கே இழப்பு.

பர்க்கின் பக்கம் தோற்றது. ஏனெனில், நோய் இலண்டன் வரையிலும் பரவியிருந்தது. ஆற்காட்டுக் கடனில் செல்வம் சேர்த்தவர்கள் பாராளுமன்றத் தொகுதிகளையே விலைக்கு வாங்கினர். பென்பீல்டு 1780இல் உறுப்பினரானார்; அவர் தயவால் எட்டுப் பேர் சபைக்கு வந்தனர் என்பது பர்க் சாட்டிய குற்றம். கேள்வி கேட்கும் சபையையே விலைக்கு வாங்கிவிட்டால், கேள்வி எங்கிருந்து எழும்?

இனி, அதே தலைமுறையில் உலகின் வேறு இரு நாடுகளில் நிகழ்ந்ததைக் காண்போம். முடியாட்சி மிகுந்த அனுபவத்தோடு நடந்த நாடு சீனம். அங்கே அதிகாரிகளின் குற்றங்களை ஆராய்ந்து பேரரசருக்கு அறிவிப்பதற்கென்றே தனித் துறை ஒன்று பன்னூறு ஆண்டுகளாக இருந்தது. அத்துறையினர் பேரரசரையே இடித்துரைக்கவும் உரிமை பெற்றிருந்தனர். ஆயினும் என்ன நேர்ந்தது? பிகட் சிறைப்பட்ட அதே 1776இல் ஹெஷன் என்பவர் பேரரசர் சியென்லுங்கின் அன்பைப் பெற்று உயர் அவையில் இடம் பெற்றார். இருபதாண்டுக்கு மேலாக அவர் குவித்த செல்வத்துக்கு அளவில்லை. அவருடைய வீட்டு ஊழியர் ஒருவர்மீது 1786இல் கண்காணிப்பாளர் ஒருவர் குற்றம் சாட்டியபோது, கண்டனத்துக்கு உள்ளானவர் குற்றம் சாட்டியவரே. 1799இல் முதிய பேரரசர் கண் மூடினார். சில நாட்களிலேயே ஹெஷன் பிடிபட்டார். உயிர் துறக்குமாறு ஆணை பெற்றார். தண்டனை கடுமையானதுதான். ஆனால் அது குற்றத்தின் காலத்தில் வரவில்லை. காவலனின் காலம் முடிந்தபின் வந்தது. அரசனின் மனமே சட்டமாக உள்ள இடத்தில், அரசனின் அன்புக்கு உரியவர் சட்டத்துக்கு அப்பால் நிற்பார்.

மற்றொரு நாடு சுவீடன். அங்கே ஆற்காட்டுக் கடன் முதன்முதலாகத் தொகுக்கப்படுவதற்கு ஓராண்டு முன்னதாக, 1766இல், ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்சுரிமை வழங்கிய அச்சட்டம், அரசாங்க ஏடுகளைக் குடிமக்கள் பார்க்கவும் படியெடுக்கவும் உரிமை அளித்தது. பின்னர் 1809இல், அதிகாரிகளின்மீது வரும் முறையீடுகளை ஆராய, அரசர் அல்லாமல் பாராளுமன்றமே தேர்ந்தெடுக்கும் ஓர் அலுவலரைச் சுவீடன் அமைத்தது. 'ஓம்புட்ஸ்மன்' என்னும் அந்தப் பதவியே நம் நாட்டின் லோக்பால், லோக் ஆயுக்தா ஆகியவற்றுக்கு முன்மாதிரி. சென்னைக் கோட்டையில் கணக்குப் புத்தகம் பூட்டிய பெட்டியில் இருந்தது; சுவீடனில் குடிமகன் கேட்டால் மேசைமீது வைக்கவேண்டும். இரு நாடுகளின் வேற்றுமையை இவ்வொன்றே காட்டும்.

கணக்கைப் பொதுவில் வைக்கும் எண்ணம் நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் விதிகள் அவற்றிலே வரையப்பட்டுள்ளன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர இயலாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர இயலாது. பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் இடமில்லை. பதவிக்காலம் 360 நாள். ஒருமுறை இருந்தவர் மூன்றாண்டு விலகியிருக்கவேண்டும். இன்றைய அரசியல் அறிஞர் கூறும் தகுதியின்மை, உறவினர்க்குத் தடை, பதவிக்கால வரம்பு ஆகிய மூன்றும் ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னரே கல்லில் எழுதப்பட்டன. அச்சபையில் இடம் பெற்றோர் நிலமும் வேதக் கல்வியும் உடைய ஒரு சிறு குழுவினரே என்பதையும் மறத்தல் ஆகாது. எனினும், கணக்குக் காட்டாதவனுக்குப் பதவி இல்லை என்னும் நெறி எக்காலத்துக்கும் உரியது.

மீண்டும் ஆற்காட்டுக்கு வருவோம். பிரிட்டிஷ் ஆட்சி இந்நோய்க்கு என்னென்ன மருந்து தேடியது? முதலாவது, தடை. 1773ஆம் ஆண்டுச் சட்டமும் 1784ஆம் ஆண்டுச் சட்டமும் பரிசு பெறுவதைக் குற்றமாக்கின. இரண்டாவது, சொத்துக் கணக்கு. தாயகம் திரும்பும் ஊழியர் தாம் கொண்டுவந்த செல்வத்தை ஆணையிட்டுத் தெரிவிக்கவேண்டும் என 1784இல் விதிக்கப்பட்டது. ஆனால் 1786லேயே அவ்விதி நீக்கப்பட்டது! மூன்றாவது, பெரும் விசாரணை. வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது 1788இல் தொடங்கிய விசாரணை 1795 வரை நடந்து, அவர் விடுதலையோடு முடிந்தது. நான்காவது, சம்பள உயர்வு. காரன்வாலிஸ் பிரபு வரி தண்டும் அதிகாரியின் சம்பளத்தை மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தி, அவர் சொந்த வாணிகம் செய்வதைத் தடுத்தார். ஆனால் உயர் பதவிகளில் இந்தியருக்கு இடமில்லை என்றும் செய்தார். ஊழல் செய்தவர் ஆங்கிலேயர். தண்டனை பெற்றவர் இந்தியர் என்று சொல்லலாம்.

ஐந்தாவதாக வந்த மருந்தே பயன் மிகுந்தது. 1801இல் கம்பெனி கருநாடகத்தைத் தனதாக்கிக்கொண்டபின், 1805இல் நவாபின் கடன்களை ஆராய ஆணையர் குழு ஒன்று அமைந்தது. ஒவ்வொரு பத்திரத்தையும் எடுத்து, சான்று கேட்டு, பல்லாண்டுகள் அது ஆராய்ந்தது. வந்த கோரிக்கைகள் மூன்று கோடிப் பவுனுக்கு மேல். செல்லுமென ஏற்கப்பட்டவை முப்பது இலட்சத்துக்கும் குறைவு. பத்தில் ஒன்பது பங்கு தள்ளப்பட்டது! வீராவேசப் பேச்சு செய்யாததைப் பொறுமையான தணிக்கை செய்தது. ஆனால் அதற்குள் நவாபு இல்லை. அவர் அரசும் இல்லை. வரி கொடுத்த தலைமுறையும் மறைந்துவிட்டது.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஊழலை ஒழிப்பதற்குக் குடியாட்சி தேவையில்லை, உறுதியான தலைமை போதும் என்று வாதிடுவோர் உளர். அவர்கள் சிங்கப்பூரையும் ஹாங்காங்கையும் எடுத்துக்காட்டுவர். அவ்வாதத்தை எளிதாகத் தள்ளுவதற்கில்லை. சிங்கப்பூரில் 1951இல் நடந்த ஓர் அபின் கொள்ளையில் காவல்துறையினரே கலந்திருந்தனர். காவல்துறையைக் காவல்துறையே விசாரிப்பது வீண் என்று உணர்ந்த அரசு, 1952இல் தனி விசாரணைத் துறையை அமைத்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பேரதிகாரம் அளித்தது. வருவாய்க்கு மிஞ்சிய சொத்தையும் நீதிமன்றம் சான்றாகக் கொள்ளலாம் என்றது. ஹாங்காங்கில் 1973இல் விசாரணைக்கு உள்ளான உயர் காவல் அதிகாரி ஒருவர் நாட்டை விட்டே தப்பினார். மக்கள் கொதித்தெழுந்தனர். 1974இல் தனி ஆணையம் பிறந்தது. அது விசாரணையோடு நிற்கவில்லை. அலுவலக நடைமுறைகளில் இலஞ்சத்துக்கு இடமளிக்கும் ஓட்டைகளை அடைப்பது ஒரு பிரிவின் பணி. பள்ளிகளிலும் தெருக்களிலும் மக்களுக்கு எடுத்துரைப்பது மற்றொரு பிரிவின் பணி.

சிங்கப்பூரின் உறுதி அண்மையிலும் சோதிக்கப்பட்டது. போக்குவரத்து அமைச்சராக இருந்த, தமிழ் வழியினரான எஸ். ஈஸ்வரன், 2024 அக்டோபரில் பன்னிரண்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அலுவல் தொடர்பு உடையவரிடமிருந்து பொது ஊழியர் விலையுயர்ந்த பொருள்களைப் பெறுதல் என்னும் குற்றமே அவர்மீது முதன்மையாக நிலைத்தது. இக்குற்றத்தைக் கூறும் 165ஆம் பிரிவு 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து கடல் கடந்து சென்றது. நவாபின் பரிசுகளால் பாடம் கற்றவர்கள் எழுதிய விதி, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தின் பின் வேறொரு நாட்டில் ஓர் அமைச்சரைச் சிறைக்கு அனுப்பியது என்று எண்ணிப் பார்த்தால், சட்டத்தின் ஆயுள் நமக்குப் புலனாகும்.

ஆனால் இவ்வெற்றிகள் எதனால் விளைந்தன? தேர்தலின் குறையால் அல்ல. நீதிமன்றத்தின் வலிமையால், நல்ல சம்பளத்தால், தயவு பாராத விசாரணையால். இவையின்றி ஒரே கட்சியின் பிடி மட்டும் இருந்தால் போதுமா? இன்றைய சீனத்தைப் பாருங்கள். 2012 முதல் அங்கே மாபெரும் ஊழல் ஒழிப்பு இயக்கம் நடந்து வருகிறது. கட்சியின் மிக உயர்ந்த குழுவில் இருந்த சோ யுங்காங்கே 2015இல் ஆயுள் தண்டனை பெற்றார். 2018இல் தேசியக் கண்காணிப்பு ஆணையம் நிறுவப்பட்டது. வழக்கறிஞர் துணையின்றிப் பல மாதங்கள் ஒருவரைத் தடுத்து வைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆயினும் அது ஆளுங்கட்சியின் கையில் உள்ள கருவியே. கட்சித் தலைமையின்மீது ஐயம் எழுந்தால் யார் விசாரிப்பது? ஹெஷன் காலத்துக் கேள்வி இன்னும் விடையின்றியே நிற்கிறது. பிடிபட்டவர் திருடியதால் பிடிபட்டாரா, தலைமைக்கு ஆகாததால் பிடிபட்டாரா என்பதைத் தெளிவாக அறியும் வழி குடிமகனுக்கு இல்லை.

குடியாட்சியின் முறை வேறு. அதன் வலிமை வெளிச்சம். 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்திராவின் கம்பெனிகளில் ஏறத்தாழ 1 கோடி 24 இலட்சம் ரூபாய் முதலிட்டது. பொதுமக்களின் சேமிப்பு ஏன் அங்கே சென்றது என்று மக்களவையில் ஆளுங்கட்சி உறுப்பினரான பிரோஸ் காந்தியே வினவினார். நீதிபதி சாக்ளா பலரும் அறியப் பொது விசாரணை நடத்தினார். நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் தம் அரசையே கேட்கிறார். சில வாரங்களில் விடை கிடைக்கிறது. பிகட் காலத்துச் சென்னையில் கனவிலும் நடவாத செயல் இது.

ஆனால் குடியாட்சியின் குறை யாது? தாமதம். கேட்கும் உரிமை எல்லோர்க்கும் இருப்பதுபோல, தட்டிக் கழிக்கும் வழிகளும் பல உள. 1962இல் தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. சந்தானம் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையால் 1964இல் மத்திய விழிப்புப்பணி ஆணையம் தோன்றியது. அதே ஆண்டில் சென்னை மாநிலமும் இலஞ்ச ஒழிப்புத் துறையை அமைத்தது. கோப்பு நகர்வதற்காகவே கொடுக்கப்படும் பணத்தைப் பற்றியும், அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்படும் முடிவுகளைப் பற்றியும் சந்தானம் குழு அன்றே எச்சரித்தது. ஆனால் லோக்பால் சட்டம் நிறைவேறியது 2013இல். முதல் லோக்பால் பதவியேற்றது 2019இல். தமிழ்நாட்டு லோக் ஆயுக்தா சட்டம் வந்தது 2018இல். உயர் அதிகாரியை விசாரிக்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்னும் விதியின் கதையும் அவ்வாறே. உச்ச நீதிமன்றம் அதனை 1997இல் நீக்கியது. 2003இல் அது சட்டமாகத் திரும்பியது. 2014இல் மீண்டும் நீக்கப்பட்டது. 2018இல் வேறு வடிவில் மீண்டும் வந்தது. விசாரிக்கப்படுவோரின் அனுமதி பெற்று விசாரிக்கும் ஆசை எல்லா அரசுகளுக்கும் உண்டு போலும்!

பென்பீல்டு விலைக்கு வாங்கிய தொகுதிகளை நினைவுகொள்ளுங்கள். தேர்தலுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை வாக்காளர் அறியாவிடில், சபை யாருக்குக் கடன்பட்டுள்ளது என்பதையும் அவர் அறியார். கட்சிகளுக்கு நன்கொடை தருவோரின் பெயரை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. வாக்காளரின் அறியும் உரிமையே அத்தீர்ப்பின் அடிப்படை. 1785இல் பர்க் கேட்ட கேள்வியின் தொடர்ச்சியே இது.

இறுதியாக, ஆற்காட்டு வட்டாரத்தின் இன்றைய வாழ்வை நோக்குவோம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் சாலைகள் பல உள்ளன. ஒரு சாலை இயங்கவேண்டுமாயின் கழிவு நீருக்கு இசைவாணை வேண்டும். தொழிலாளர் பாதுகாப்புக்குச் சான்று வேண்டும். தணிக்கையாளர் வந்து பார்க்கவேண்டும். இவை அனைத்தும் தேவையானவையே. ஆனால் ஒரே மனிதர் மூடிய அறையில் ஆம், இல்லை என்று முடிவு செய்யும் ஒவ்வோர் இடமும் இலஞ்சம் நுழையக்கூடிய இடுக்கு. அவ்விடுக்கை அடைப்பது மூன்று வழிகளால் கூடும். விதி தெளிவாக இருக்கவேண்டும். முடிவுக்குக் காலவரம்பு வேண்டும். முடிவும் அதன் காரணமும் எல்லோரும் காணும்படி வெளியிடப்படவேண்டும். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974லேயே வந்துவிட்டது. எனினும், பாலாற்றுக்காக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை நாடவேண்டியதாயிற்று. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் வந்த தீர்ப்பு, மாசு செய்தவரே இழப்பை ஈடுசெய்யவேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. அங்கே இலஞ்சம் நடந்தது என்று கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. சட்டம் தானாக நடவாது. குடிமக்கள் கேட்டால்தான் நடக்கும் என்பதற்கு இது சான்று.

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். முடியாட்சி கடுமையாகத் தண்டிக்கும். ஆனால் அரசனின் அன்பர்மீது அதன் கை நீளாது. வணிகரின் ஆட்சி கணக்கு எழுதும். ஆனால் எழுதுபவரே கடன்காரர். ஒரு கட்சி ஆட்சி விரைவாகப் பாயும். ஆனால் தன்மீது பாயாது. குடியாட்சி எல்லோரையும் கேட்கும். ஆனால் கேட்பதற்கு ஆளில்லையேல் அதுவும் உறங்கும். ஆகவே, ஆட்சியின் பெயரை மட்டும் பார்த்து அதன் தூய்மையை அளத்தல் இயலாது. கணக்கைப் பார்க்க யாருக்கு உரிமை உண்டு? விசாரிப்பவர் விசாரிக்கப்படுபவரின் கைக்கு எட்டாமல் இருக்கிறாரா? தவறு செய்தவரை அமைதியாகப் பதவியிலிருந்து நீக்க வழி உண்டா? இம்மூன்று கேள்விகளையே எந்நாட்டிலும் கேட்டுப் பார்க்கவேண்டும். மூன்றுக்கும் ஒருங்கே விடை தரக்கூடிய அமைப்பு, தாமதம் பல உடையதாயினும், குடியாட்சி ஒன்றே.

அந்த ஆற்றல் செயற்பட மாணவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. தமிழ்நாடு 1997லேயே தகவல் உரிமைக்குச் சட்டம் செய்த மாநிலம். 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு எழுதினால், முப்பது நாளுக்குள் விடை தருவது அலுவலகத்தின் கடமை. உங்கள் ஊர் ஏரிக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடவேண்டும். அங்கே வரவு செலவு படிக்கப்படும்போது கவனித்துக் கேட்பதும், ஐயம் எழுந்தால் எழுந்து நின்று வினவுவதும் உத்தரமேரூர் மரபின் தொடர்ச்சியே. ஆற்காட்டு உழவனுக்குத் தன் வரி எங்கே சென்றது என்று அறிய வழியில்லை. அதனைக் கேட்க நெடுந்தொலைவிலிருந்த ஒரு பர்க் வேண்டியிருந்தது. நமக்கு அவ்வளவு தூரம் செல்லவேண்டியதில்லை. கணக்கு நம் ஊரிலேயே இருக்கிறது. கேட்கும் உரிமையும் நம் கையிலேயே இருக்கிறது.